சிப் பையில் வரும் பிரஷர் மெஷின்: மூன்று வருடப் பாவனையின் பின்

தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்து முதன்முறையாக நோயாளர் விடுதிக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் அநேகமாக முதலாவது இதுதான்: "மிஸ், சொந்தமா ஒரு பிரஷர் மெஷின் வாங்கத்தான் வேணுமோ? வாங்கிறதெண்டால் எதை வாங்கிறது?" ஒவ்வொரு வருடமும் புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். நானும் நின்ற நிலையில் இரண்டு வசனத்தில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறேன். இம்முறை ஆறுதலாக எழுதலாம் என்று இருக்கிறேன்.

நான் மதிப்பிட எடுத்துக்கொண்டது, யாழ்ப்பாண நகரில் வைத்தியசாலை வீதியிலும் அதன் அயலிலும் உள்ள மருந்தகங்களிலும் மருத்துவ உபகரணக் கடைகளிலும் கிடைக்கும், கடுநீல நைலோன் சிப் பைக்குள் அடங்கிய, கையால் காற்றடிக்கும் குருதி அமுக்கமானி. முள் உள்ள வட்ட மானி, மேற்கையில் சுற்றும் கஃப், இறப்பர் குமிழ், அதன் வால்வு, இரண்டு குழாய்கள், ஒரு ஸ்டெதஸ்கோப் ஆகியன பைக்குள் இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இந்தச் செற்றுகள் பல பெயர்கள் அச்சிட்ட பெட்டிகளில் வருகின்றன. இன்று கண்ட பெயரை அடுத்த முறை அதே கடையில் காண முடிவதில்லை. ஆகையால் பெயரைச் சொல்லாமல், எந்தப் பெட்டியைத் திறந்தாலும் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்னர் நான் வாங்கிய செற்றை வீட்டிலும், அயலவர்களுக்கும், கோவில் திருவிழாக் காலத்து மருத்துவ முகாம்களிலும் பாவித்திருக்கிறேன். பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவிகளுக்கு இரவலாகவும் கொடுத்திருக்கிறேன்.

முதலில், வாங்கத்தான் வேண்டுமா என்பதற்குப் பதில். கட்டாயமில்லை, விடுதியில் இருக்கிறது, செயன்முறைக் கூடத்திலும் இருக்கிறது. ஆனால் காது பழகுவதற்கு நூறு கை வேண்டும். காலைப் பணிநேர அவசரத்தில், பின்னால் ஒருவர் மெஷினுக்குக் காத்து நிற்க, முன்னால் நோயாளி "முடிஞ்சுதோ பிள்ளை?" என்று கேட்க, அந்த நூறு கை கிடைப்பதில்லை. வீட்டில் அம்மாவின் கையிலும் அப்பாவின் கையிலும் அறைத் தோழியின் கையிலும் நிதானமாகக் கேட்டுப் பழகிய பிள்ளையை விடுதியில் உடனே அடையாளம் காணலாம். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர் இறக்குமதியாகும் உபகரணங்களின் விலை ஏறியிருப்பதால், கொடுப்பனவில் காலம் தள்ளும் மாணவர் தனியாக வாங்கித் தவிக்க வேண்டியதில்லை. ஓர் அறையில் இருக்கும் இருவர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். இருவர் இருந்தால்தான் ஒருவர் கையை மற்றவர் அளக்கவும் முடியும்.

பொத்தானை அழுத்தினால் எண் காட்டும் மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பார்சலில் வந்த டிஜிட்டல் மெஷின் ஒன்றைக் கண்ணாடி அலுமாரிக்குள் நான் கண்டிருக்கிறேன். மேற்கையில் கட்டும் தரமான டிஜிட்டல் மெஷின் வீட்டுப் பாவனைக்கு நல்லதுதான். மணிக்கட்டில் கட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஆயினும் நாடித்துடிப்பு ஒழுங்கற்றுத் துள்ளும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளியில் டிஜிட்டல் மெஷின் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண்ணைக் காட்டும். முன்சூல்வலிப்பு (கர்ப்பகாலத்தில் பிரஷர் ஆபத்தாக ஏறும் நிலை) உள்ள கர்ப்பிணிகளில் பல டிஜிட்டல் மெஷின்கள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவது தெரிந்த விடயம். 140/90 என்ற கோட்டில் நிற்கும் தாய்க்கு அந்தக் குறைவு எவ்வளவு ஆபத்து என்பதை மகப்பேற்று விடுதியில் ஒரு மாதம் நின்றவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்படியான நேரத்தில் நம்பக்கூடியது, 1905 இல் ரஷ்ய வைத்தியர் கொரட்கோவ் விபரித்த, கஃபின் காற்றை இறக்கும்போது கேட்கும் அந்தத் தட்டுச் சத்தத்தைக் கேட்கப் பழகிய காதுதான். முதல் சத்தம் கேட்கும் எண் மேல் அளவு, சத்தம் மறையும் எண் கீழ் அளவு.

இனி பொருளுக்கு வருகிறேன். கடையில் எல்லோரும் முதலில் பார்ப்பது மானியின் பளபளப்பை. நான் முதலில் பார்க்கச் சொல்வது குமிழின் கழுத்தில் இருக்கும் திருகு வால்வை. இந்தச் செற்றின் தரம் முழுவதும் அந்தச் சின்னத் திருகில் இருக்கிறது என்று சொன்னாலும் மிகையாகாது. காற்றை இறக்கும் வேகம் செக்கனுக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் இரசமாக (குருதி அமுக்கத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்று படிக்கிறோம். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் திருகைத் தொட்டவுடன் அது முதலில் அசையாமல் நின்று, பிறகு திடீரென்று வழிவிட்டு, முள் 160 இலிருந்து 110 க்கு ஒரே பாய்ச்சலில் விழுமானால், எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாலும் சரியான அளவை எடுக்க முடியாது. அந்தப் பாய்ச்சலுக்குள் முதல் சத்தம் போய்விடும். மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு கூடவாகவும் பதியப்படும். என் செற்றின் வால்வு முதல் இரண்டு கிழமையும் இப்படித்தான் இறுகிப் பிடித்தது. பாவிக்கப் பாவிக்க இளகி, இப்போது ஒரு கையாலேயே முள்ளைப் படிப்படியாக இறக்க முடிகிறது. ஆனால் அதே கடையில் தோழி வாங்கிய செற்றின் வால்வு மூன்று மாதத்திலும் இளகவில்லை; அவர் தனிக் குமிழ் ஒன்று வாங்கி மாற்றினார். ஆகவே கடையிலேயே, விற்பவர் முகம் சுளித்தாலும், மூன்று முறை காற்றடித்து மெதுவாக இறக்கிப் பாருங்கள்.

அதே நேரத்தில் காற்று கசிகிறதா என்பதையும் பார்த்துவிடலாம். கஃபை ஒரு தண்ணீர்ப் போத்தலையோ மா ரின்னையோ சுற்றிக் கட்டி, 200 க்கு மேல் காற்றடித்து, வால்வை இறுக மூடி, கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். முள் 4 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. குழாய் பொருந்தும் இடங்களை ஒருமுறை இறுக்கிப் பார்த்தும் நிற்கவில்லையென்றால் வேறு பெட்டியைக் கேளுங்கள். நான் இதைச் செய்தபோது முதல் பெட்டி தேறவில்லை, இரண்டாவது தேறியது. கடைக்காரத் தம்பி மறுப்பேதும் சொல்லாமல் மாற்றித் தந்தார். தானும் நின்று முள்ளைப் பார்த்தார்.

அடுத்தது கஃப். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் விடும் பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. செற்றுடன் வருவது ஒரே ஒரு கஃப். வயது வந்தோருக்கான சாதாரண அளவு. பொதுவாக இது 27 முதல் 34 சென்ரிமீற்றர் வரையான மேற்கைச் சுற்றளவுக்கு உரியது. உள்ளே இருக்கும் காற்றுப்பையின் நீளம் கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையும், அகலம் 40 சதவீதத்தையும் மூட வேண்டும் என்பது விதி. நல்ல கஃபில் கோடு போட்டு அந்த எல்லை குறிக்கப்பட்டிருக்கும்; என் கஃபில் கோடு இருக்கிறது, ஆனால் ஒரு வருடத்துக்குள் கழுவிக் கழுவி மங்கிவிட்டது, நான் நிரந்தர மையால் மீண்டும் வரைந்து வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் கிளினிக்குக்கு வரும் ஆச்சிமாரின் கைகளை நினைத்துப் பாருங்கள். எண்பது வயது, தோலும் எலும்புமான மேற்கை, சுற்றளவு 21 சென்ரிமீற்றர்கூட வராது. அந்தக் கையில் இந்தக் கஃபைச் சுற்றினால் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போகும். காட்டும் அளவு உண்மையைவிடக் குறைவாக இருக்கும். முகாம் ஒன்றில் மாணவி ஒருவர் அப்படியொரு ஆச்சிக்கு 104/60 என்று எழுதிவிட்டு, "ஆச்சி, உங்களுக்குப் பிரஷர் குறைவு, உப்புப் போட்டுச் சாப்பிடுங்கோ" என்று சொல்லத் தொடங்கினார். நான் சிறிய கஃபைக் கட்டிப் பார்த்தேன், 122/70. கருவாட்டையும் ஊறுகாயையும் ஏற்கனவே விடாமல் உண்ணும் அந்த வயதில், பிழையான எண்ணை நம்பி உப்பைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்தபோது எனக்கு உடம்பு கூசியது.

பருத்த கைகளில் இது மறுபக்கமாக நடக்கும். சிறிய கஃப் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். 2023 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரண கஃபைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக ஏறத்தாழ 5 மில்லிமீற்றரும், அதனினும் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களில் ஏறத்தாழ 20 மில்லிமீற்றரும் கூடுதலாகக் காட்டியது. 20 என்பது ஒருவரை வாழ்நாள் முழுவதும் குளிசை விழுங்க வைக்கப் போதுமான வித்தியாசம். ஆகவே இந்தச் செற்றை வாங்கும்போதே, சிறிய கஃப் ஒன்றும் பெரிய கஃப் ஒன்றும் அதே குழாய்க்குப் பொருந்துமா, தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். என்னுடையதற்குச் சிறியது கிடைத்தது. பெரியது கிடைக்க நான்கு மாதம் பிடித்தது. ஒரு தையல் நாடாவையும் பைக்குள் போட்டு வையுங்கள். கையை அளந்து பார்க்கப் பத்துச் செக்கன் போதும்.

கஃபின் துணி எப்படி என்றால், சுமார். வெல்க்ரோ முதல் வருடம் நன்றாகப் பிடித்தது. பின்னர் சேலைத் தலைப்பின் நூலும் கட்டில் விரிப்பின் பஞ்சும் சேர்ந்து, 170 அளவில் காற்றேறும்போது 'சர்' என்று பிரிந்து விடத் தொடங்கியது. நோயாளி திடுக்கிடுவார், நாங்களும் வெட்கப்படுவோம். பழைய பல்துலக்கித் தூரிகையால் அந்தப் பஞ்சை எடுத்துவிட்டதும் மறுபடி பிடித்தது. மாதம் ஒருமுறை காற்றுப்பையை வெளியே எடுத்துவிட்டுத் துணியைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, வெயிலில் அல்லாமல் நிழலில் காய விடுங்கள். எங்கள் வெயில் இறப்பரைக் கொல்லும். ஸ்கூட்டியின் இருக்கைப் பெட்டிக்குள் செற்றை விட்டுவிட்டு மதியம் முழுவதும் வெயிலில் நிறுத்துவது குமிழுக்கும் குழாய்க்கும் மிகக் கெடுதல். என் முதல் குமிழ் அப்படித்தான் வெடித்தது.

கஃப் பற்றிய பேச்சில் உடுப்பையும் சொல்லிவிட வேண்டும். இறுக்கமான பிளவுஸ் கையை மேலே சுருட்டிவிட்டு அதற்குக் கீழே கஃப் கட்டும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. சுருட்டிய துணி கயிறு கட்டியது போலக் கையை நெரித்து அளவைப் பிழைக்க வைக்கும். திரையை இழுத்துவிட்டு, "அம்மா, இந்தக் கையை மட்டும் வெளியாலை எடுங்கோ" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுத்ததில்லை. கையை அந்தரத்தில் தொங்கவிட்டபடி அளப்பதும் அப்படியே. 2024 இல் வெளியான ஓர் ஆய்வில், மேசையில் வைத்து அளந்ததோடு ஒப்பிடும்போது, மடியில் வைத்த கை மேல் அளவை ஏறத்தாழ 4 மில்லிமீற்றரும் பக்கவாட்டில் தொங்கிய கை ஏறத்தாழ 6.5 மில்லிமீற்றரும் கூட்டிக் காட்டியது. இரத்தச் சுத்திகரிப்புக்காக ஃபிஸ்துலா (நாடியையும் நாளத்தையும் இணைக்கும் சத்திரசிகிச்சை) செய்த கையில் மட்டும் எந்த நிலையிலும் கஃபைக் கட்டிவிடாதீர்கள்; சிறுநீரக நோயாளரிடம் கட்டுமுன் கேட்பதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மானி. இதில் எனக்கு நேர்ந்த ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முள் மானிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவள் நான். இரண்டாவது வருடத்தில் ஒரு நாள், கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையின் பள்ளத்தில் ஸ்கூட்டி ஏறி இறங்கியபோது முன்கொளுவியில் தொங்கிய பை கழன்று வீதியில் விழுந்தது. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை, முள் பூச்சியத்தில் அழகாக நின்றது. நல்ல காலம் என்று எண்ணி மறுபடியும் பாவிக்கத் தொடங்கினேன். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவருக்கு ஞாயிறுதோறும் காலையில் பிரஷர் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். ஆறு கிழமையாக 134, 132, 136 என்று நன்றாக இருந்தது. "மருந்து நல்லா வேலை செய்யுது பிள்ளை" என்று அவரும் மகிழ்ந்தார். கிளினிக்குக்குப் போன அன்று அவருக்கு 152. இரண்டாம் முறையும் 150.

அன்று பின்னேரமே மூன்று வாயுள்ள இணைப்புக் குழாய் ஒன்றைத் தேடி எடுத்து, தோழியின் புதிய மானியையும் என்னுடையதையும் ஒரே கஃபோடு இணைத்துக் காற்றடித்தேன். பூச்சியத்தில் இரண்டும் ஒன்று. 60 இல் என்னுடையது 2 குறைவு. 100 இல் 6 குறைவு. 150 இல் 14 குறைவு. ஏற்றுக்கொள்ளக்கூடிய பிழை 3 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். பூச்சியத்தில் நிற்கும் முள் பூச்சியத்தைப் பற்றி மட்டுமே உண்மை சொல்கிறது. மேலே என்ன சொல்கிறது என்பது வேறு கதை. முகப்பில் பூச்சியத்தைச் சுற்றி வரைந்த சின்னப் பெட்டிக்கு வெளியே முள் நின்றால் மானி நிச்சயமாகப் பழுது; ஆனால் உள்ளே நின்றால் நிச்சயமாக நல்லது என்று அர்த்தமில்லை. இதைப் புத்தகத்தில் படித்திருந்தும் நான் சோதிக்கவில்லை. மாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "மெஷினும் மனுசரைப் போலத்தான் பிள்ளை, விழுந்தா உள்காயம்" என்றார் அவர். அவர் கோபிக்காதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்த மானியை அன்றோடு நிறுத்திவிட்டேன். உள்ளே எப்படி இருக்கிறது என்று காட்ட மட்டும் மாணவிகளிடம் திறந்து காட்டுகிறேன். மானியை மட்டும் தனியாக வாங்கி அதே கஃபில் பொருத்தினேன். பழுதை முழுக்கப் பொருளின் மேல் போட மாட்டேன். விழுந்தால் எந்த முள் மானியும் பிசகும். ஆனால் இந்தச் செற்றின் மானிக்கு அதிர்வைத் தாங்க எந்த இறப்பர் உறையும் இல்லை என்பது குறைதான். இப்போது என் மானியைச் சின்னத் துணிப் பொட்டலத்தில் சுற்றித்தான் பைக்குள் வைக்கிறேன்.

முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் விடுதியில் இருந்த பெரிய இரச மானியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மூத்த சிஸ்டர்மாருக்கு இன்றும் அதிலேதான் நம்பிக்கை. இரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக, மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி இரச அமுக்கமானிகளின் உற்பத்தியும் இறக்குமதியும் ஏற்றுமதியும் 2020 உடன் முடிவுக்குக் கொண்டுவரப்பட வேண்டியவையாயின. அது நியாயமான முடிவு. உடைந்த இரசம் விடுதித் தரையில் உருண்டதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தூண் இல்லாதபடியால், எங்கள் முள் மானிகளை நாங்களே ஒன்றோடொன்று வைத்துச் சோதிக்கும் பொறுப்பு கூடியிருக்கிறது. இணைப்புக் குழாய் பெரிய விலையுமில்லை. ஓர் அணிக்கு ஒன்று இருந்தால் எல்லோரும் சோதிக்கலாம்.

மானியின் முகப்பைப் பற்றி ஒரு சொல். கோடுகள் 2 மில்லிமீற்றருக்கு ஒன்றாக இருக்கின்றன. என் செற்றில் அவை தெளிவாக, ஒன்றோடொன்று கலக்காமல் அச்சாகியிருக்கின்றன, இரவுப் பணியின் மங்கிய வெளிச்சத்திலும் வாசிக்க முடிகிறது. இது அதன் நல்ல குணங்களில் ஒன்று. இந்த மானியால் எடுத்த அளவு எப்போதும் இரட்டை எண்ணாகத்தான் இருக்க முடியும். கட்டில் அட்டையில் 125/85 என்று இருந்தால் எழுதியவர் முள்ளைப் பார்க்கவில்லை என்பது விளங்கிவிடும். கட்டிலுக்குக் கட்டில் 120/80, 120/80 என்று வரிசையாக எழுதியிருந்தாலும் அப்படித்தான். பிள்ளைகளே, சத்தம் கேட்கவில்லையென்றால் "கேக்கேல்லை மிஸ்" என்று சொல்லுங்கள். அதற்காக நான் யாரையும் ஏசியதில்லை. முந்தைய நேரத்து எண்ணைப் பார்த்து எழுதுவதை மட்டும் செய்துவிடாதீர்கள். சத்திரசிகிச்சை முடிந்து வந்த நோயாளியின் உள்ளே இரத்தம் கசிவதை முதலில் காட்டிக்கொடுப்பது நாடித்துடிப்பும் அந்த எண்ணும்தான்.

சத்தம் கேட்காமல் போவதற்குப் பாதிக் காரணம் செற்றுடன் வரும் ஸ்டெதஸ்கோப். இதை நான் துணிந்து சொல்கிறேன்: பையில் இருப்பவற்றுள் இதுவே மிக மோசமானது. காதுமுனைகள் கடினமான பிளாஸ்டிக்; பத்து நிமிடத்தில் காது நோகும். குழாய் மெலிது, விடுதியின் மின்விசிறிச் சத்தமும் பக்கத்துக் கட்டில் உரையாடலும் உள்ளே வந்துவிடும். பல மாணவிகள் தங்கள் காதில்தான் குறை என்று நினைத்து அழுதிருக்கிறார்கள். ஒருவருக்கு என் சொந்த ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்து அதே கையில் கேட்கச் சொன்னேன். "ஐயோ மிஸ், கேக்குது" என்றபோது அவர் முகம் மலர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே செற்றை ஸ்டெதஸ்கோப் இல்லாமல் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். மிச்சப் பணத்தைத் தனி ஸ்டெதஸ்கோப்புக்குச் சேருங்கள். நான் பாவிப்பது லிட்மன் கிளாசிக் 3. 150 கிராம் எடை, இரு பக்கத் தலை, மென்மையாக வைத்தால் தாழ்ந்த சத்தமும் அழுத்தி வைத்தால் உயர்ந்த சத்தமும் கேட்கும் அமைப்பு. விலை அதிகம், மாணவருக்கு அவசியமில்லை. பிரஷர் பார்க்க மட்டும் என்றால் இறுக்கமான, மென்மையான காதுமுனையும் தடித்த குழாயும் உள்ள எந்தச் சாதாரண ஸ்டெதஸ்கோப்பும் போதும். காதுமுனைகள் முன்னோக்கி, மூக்கின் திசையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். தலைகீழாகப் போட்டுக்கொண்டு கேட்கவில்லை என்று நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன். வியர்வையும் தோலின் எண்ணெயும் குழாயை இறுக்கிவிடும், எங்கள் ஊர்ச் சூட்டில் இன்னும் விரைவாக. கழுத்து வெறுந்தோலில் மாட்டித் திரியாமல் சட்டைக் கழுத்துப்பட்டிக்கு மேலே போடுங்கள். நோயாளிக்கு நோயாளி 70 சதவீத அல்ககோலால் ஸ்டெதஸ்கோப்பின் தலையைத் துடையுங்கள்.

பெட்டிக்குள் இருந்த கைநூலைப் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு. ஆங்கிலத்திலும் வேறு சில மொழிகளிலும் சின்ன எழுத்தில் இருந்தது. தமிழில் ஒரு வரியும் இல்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவம் படிப்பித்து, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய மண் இது. அந்த மண்ணில் விற்கும் பொருளுக்கு ஒரு தாள் தமிழ் விளக்கம் இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாணவிகள் இருவர் என்னோடு சேர்ந்து ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதினார்கள்: ஐந்து நிமிடம் இருத்தி ஆறுதல்படுத்தல், முதுகு சாய்ந்திருத்தல், பாதம் தரையில், கால்மேல் கால் போடாமை, பேசாமை, மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றடித்து நாடி மறையும் அளவை அறிந்து அதற்கு மேல் 30 கூட்டுதல். கடைசியானதைத் தாண்டிப் போகும் பழக்கம் விடுதியில் பரவலாக உண்டு. வயதானவர்களில் சத்தம் இடையில் நின்று மறுபடி தொடங்கும் இடைவெளி ஒன்று இருக்கலாம். நாடியைத் தொடாமல் குறைவாகக் காற்றடித்தால் இடைவெளிக்குக் கீழுள்ள சத்தத்தையே முதலாவது என்று எழுதிவிடுவோம். அந்தத் தாளை மடித்து ஒவ்வொரு பையின் உட்பொக்கற்றிலும் வைத்திருக்கிறோம். கர்ப்பிணிகளில் சத்தம் முழுவதும் மறையும் புள்ளியைக் கீழ் அளவாக எடுக்க வேண்டும், பூச்சியம் வரை மறையாவிட்டால் சத்தம் மங்கும் புள்ளியை எழுத வேண்டும் என்பதையும் ஓரத்தில் கையால் சேர்த்திருக்கிறோம்.

சிப் பை நல்லது. மூன்று வருடத்தில் சிப் ஒருமுறையும் சிக்கவில்லை, தையல் விடவில்லை, உள்ளே பேனையும் நாடாவும் வைக்க ஒரு சின்னப் பொக்கற் இருக்கிறது. குழாய்களும் வெடிக்கவில்லை, ஆனால் பொருந்தும் முனையில் இறுக்கம் தளர்ந்து வருகிறது. ஒரு சென்ரிமீற்றர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டினால் சரியாகிறது. குமிழ், வால்வு, மானி, கஃப் ஆகியவை தனித்தனியாகக் கிடைப்பது இந்த வகையின் பெரிய வசதி. டிஜிட்டல் மெஷினின் உள்ளே பழுதானால் பெரும்பாலும் மெஷினையே மாற்ற வேண்டிவரும். இதில் நான் குமிழை ஒருமுறையும் மானியை ஒருமுறையும் மாற்றி, மிச்சத்தை இன்னும் பாவிக்கிறேன்.

முதலாம் வருடத்தில் இருப்பவர்களுக்கு இதை வாங்குங்கள் என்றே சொல்வேன், ஸ்டெதஸ்கோப்பை மட்டும் தவிர்த்து. வீட்டில் அம்மா அப்பாவுக்குப் பார்ப்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். மேற்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷினே அவர்களுக்கு இலகு. இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம்; வால்வைத் திருகிப் பார்க்க முடியாது. கிழமை நாளில் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வைத்தியசாலை வீதிக் கடைகளில் கூட்டம் கூடிவிடும், அப்போது பெட்டி திறந்து காட்ட யாருக்கும் நேரமிராது. காலைப் பணிக்கு முன்போ சனிக்கிழமை முற்பகலிலோ போங்கள், இருவராகப் போங்கள், ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தலையும் கொண்டு போங்கள். மாஸ்டரின் கொப்பியில் பழைய ஆறு எண்களுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் "மானி பிழை" என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே புதிய மானியின் எண்கள் தொடங்குகின்றன, முதலாவது 148/86, போன கிழமை 138/82.